கடல் எங்கே நிற்கிறது? போர்க்காலத் தரையிறக்கத்தைச் சிற்றுருவில் அமைக்க ஒரு தொடக்க விளக்கம்

ஒரு பலகை, அதன்மேல் ஒரு துண்டு நிலம், அந்த நிலத்தில் ஒரு நொடியில் நடக்கும் நிகழ்ச்சி. டயோரமா என்றால் இவ்வளவுதான். ஒரு போர்வீரனின் சிற்றுருவத்தைச் செய்து, வண்ணம் பூசி, மேசையில் நிறுத்தினால் அது வெறும் உருவம். அவன் காலடியில் மண்ணையும் கண்ணெதிரே ஆபத்தையும் வைத்து, அவன் எங்கிருந்து வந்தான், எங்கே போக முயல்கிறான் என்பது யாரும் சொல்லாமலே பார்ப்பவருக்குப் புரியும்படி செய்துவிட்டால் அது டயோரமா.

நவராத்திரிக் கொலுவை நினைத்துப் பாருங்கள். படியில் இருக்கும் பொம்மைகள் எல்லாம் நம்மைப் பார்த்தே நிற்கும். டயோரமாவில் இருக்கும் உருவங்களுக்கோ நாம் அங்கே இருப்பதே தெரியக்கூடாது. அவை தம் வேலையில், தம் அச்சத்தில் மூழ்கியிருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் கையைப் பழக்குவதற்கு முன் கண்ணைப் பழக்க வேண்டியது இந்த இடத்தில்தான்.

போர்க்காட்சிகளில் இடிந்த தெரு, பாலைவனத்து டாங்கி, பனிக்காட்டுக் காவல் என்று பல வகைகள் உண்டு. படகிலிருந்து படை இறங்கிக் கரையேறும் காட்சி அவற்றிலிருந்து வேறுபட்டது. மற்றக் காட்சிகளில் தரை அசையாது. இங்கே தரையின் எல்லையே மணிக்கு மணி நகர்கிறது. கடல் ஏறுகிறது, அல்லது இறங்குகிறது. ஆகவே தொடங்க விரும்பும் எவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். வீரர்களை வாங்குவதற்கு முன், படகை ஒட்டுவதற்கு முன், உங்கள் பலகையில் நீர் எந்தக் கோட்டில் நிற்கிறது, அப்போது மணி எத்தனை என்று முடிவு செய்யுங்கள். மற்றவை எல்லாம் அந்தக் கோட்டிலிருந்து பிறக்கும்.

நீர்க்கோடு ஏன் முதலில்

இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று, நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. யூட்டா, ஒமாகா, கோல்டு, ஜூனோ, சுவார்டு என்று ஐந்து கரைகளுக்குக் குறிப்பெயர் வைத்திருந்தார்கள். உலகம் முழுவதும் தரையிறக்க டயோரமா செய்பவர்களில் பெரும்பாலோர் தொடங்குவது அமெரிக்கர்கள் இறங்கிய ஒமாகாவில்தான். படங்களும் ஆவணங்களும் அவ்வளவு கிடைக்கின்றன.

நார்மண்டியில் ஓதம் மிகப் பெரியது. நீர் இறங்கிய நிலைக்கும் ஏறிய நிலைக்கும் இடையே ஆறு மீட்டருக்கு மேல் வேறுபாடு உண்டு. நமக்கு அருகில் இருக்கும் பொன்னானிக் கடற்கரையில் அந்த வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். நீர் முழுதும் இறங்கும்போது ஒமாகாவில் முன்னூறு மீட்டருக்கு மேல் மணல் வெளிப்பட்டுக் கிடக்கும்.

அந்தப் பகுதியின் காவலைப் பலப்படுத்திய ஜெர்மானியத் தளபதி எர்வின் ரோமல், எதிரி நீர் ஏறிய நேரத்தில் வருவான் என்று எதிர்பார்த்தார். அப்போது திறந்த மணலில் ஓட வேண்டிய தூரம் குறைவு அல்லவா? அதனால் படகுகளின் அடிவயிற்றைக் கிழிப்பதற்காக மணலில் தடைகளை நட்டு வைத்தார். மூன்று இரும்புக் கோணங்களைக் குறுக்காகப் பிணைத்த 'முள்ளெலி'கள், நுனியில் கண்ணிவெடி கட்டிய மரக்கம்பங்கள், சாய்வான மரச்சட்டங்கள், பெரிய இரும்புக் கதவு அமைப்புகள் என்று பல வகை. நீர் ஏறினால் இவை மறைந்துவிடும். தடைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவற்றை உடைத்து வழி செய்ய நேரம் வேண்டும் என்பதால் நேச நாடுகள் நேர்மாறாக, நீர் நன்றாக இறங்கித் திரும்ப ஏறத் தொடங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தன. ஓதம் மேற்கிலிருந்து கிழக்காக ஏறுவதால், அமெரிக்கர்கள் 6.30 மணிக்கு இறங்கிய பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்தே பிரிட்டிஷாரும் கனடியரும் தம் கரைகளில் இறங்கினார்கள்.

இப்போது உங்கள் பலகைக்கு வாருங்கள். மணி 6.30 என்றால் நீர் தொலைவில் இருக்கிறது. தடைகள் ஈர மணலில் முழு உயரத்துக்கு நிற்கின்றன. மண்ணில் மனிதர் குறைவு, வெட்டவெளி அதிகம். மணி 8 என்றால் நீர் தடைகளின் இடுப்பளவு ஏறியிருக்கும். வீரர்கள் அந்த இரும்புக்குப் பின்னால் கழுத்தளவு நீரில் ஒடுங்கியிருப்பார்கள். வெடிவைத்து வழி திறக்க வந்த பொறியியல் படையினர், தம் இலக்குக்குப் பின்னால் சக வீரர்களே ஒளிந்திருப்பதைக் கண்டு வெடிக்க முடியாமல் தவிப்பார்கள். முற்பகல் என்றால் தடைகள் நீருக்குள் போய்விட்டன. கரையில் மிஞ்சியது ஒடுங்கிய ஒரு பட்டை. அதன் மேல்விளிம்பில் உள்ள கூழாங்கல் மேட்டுக்குப் பின்னால் ஆட்கள் நெருக்கமாகப் படுத்திருக்கிறார்கள்.

ஒரே கரை, ஒரே நாள், மூன்று வெவ்வேறு டயோரமாக்கள். 6.30 மணித் தடைகளையும் முற்பகல் நெரிசலையும் ஒரே பலகையில் வைத்துவிட்டால், ஒவ்வொரு உருவத்தையும் எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் காட்சி பொய்யாகிவிடும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றும்.

கடல் தவறான இடத்தில் நின்றதாலேயே நடந்த பேரிழப்பும் உண்டு. 1943 நவம்பர் 20 அன்று பசிபிக்கில் தராவா தீவுத்தொகுதியின் பெட்டியோ தீவில் அமெரிக்க மரைன் படை இறங்கியது. எதிர்பார்த்த அளவுக்கு நீர் ஏறவில்லை. சங்கிலிச் சக்கரம் பூட்டிய நீர்நில வண்டிகள் பவளத்திட்டின்மேல் ஏறிப் போய்விட்டன. சாதாரணத் தரையிறங்கு படகுகளால் திட்டைக் கடக்க முடியவில்லை. வீரர்கள் அங்கேயே இறங்கி, சில நூறு மீட்டர் தூரத்தைத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நீரில் நடந்தே கடந்தார்கள். பெட்டியோவை அமைக்க விரும்பினால் அந்தப் பவளத்திட்டும் அதன்மேல் நின்ற நீரின் ஆழமும்தான் உங்கள் கதை.

எவ்வளவு பெரிது, எவ்வளவு சிறிது

உருவங்களுக்கு இரண்டு அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. 1/35, 1/72. 175 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதன் 1/35 அளவில் 5 சென்டிமீட்டர். 1/72 அளவில் இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1/35 என்ற விந்தையான எண், ஜப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் செய்த பாந்தர் டாங்கியோடு வந்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று உடலின் அளவை வைத்தார்கள். அதுவே பிறகு உலக வழக்கமாகிவிட்டது.

நார்மண்டியில் மிகுதியாகப் பயன்பட்ட ஹிக்கின்ஸ் படகு ஏறக்குறைய 11 மீட்டர் நீளம், 3.3 மீட்டர் அகலம். நியூ ஆர்லியன்ஸில் ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் வடிவமைத்தது. பெரும்பகுதி பிளைவுட், முன்பக்கம் இறங்கும் கதவு மட்டும் எஃகு. 36 வீரர்கள் ஏறலாம். இதை இத்தாலேரி நிறுவனம் 1/35 அளவில், நாமே ஒட்டிச் சேர்க்கும் துண்டுகளாகப் பெட்டியில் விற்கிறது. படகு மட்டுமே 31 சென்டிமீட்டருக்கு மேல் வரும். முன்னூறு மீட்டர் மணலை அதே அளவில் காட்ட வேண்டும் என்றால் எட்டரை மீட்டர் நீளப் பலகை வேண்டும். வீட்டுக் கூடம் போதாது.

ஆகவே டயோரமா என்பது வெட்டியெடுத்த துண்டு. 30க்கு 20 சென்டிமீட்டர் பலகை என்றால், 1/35 அளவில் உங்களிடம் இருப்பது பத்தரை மீட்டருக்கு ஏழு மீட்டர் கடற்கரை. அதில் படகு முழுவதும் தேவையில்லை. திறந்த கதவும் முன்பக்கத்தின் மூன்றில் ஒரு பங்கும் பலகைக்குள் வந்து, மிச்சம் விளிம்பில் நறுக்கென வெட்டுப்பட்டு நின்றால் போதும். மீதிப் படகைப் பார்ப்பவரின் மனம் கட்டிக்கொள்ளும். கதவு பலகையின் விளிம்புக்கு இணையாக இல்லாமல் சற்றுச் சாய்வாக நுழையட்டும். இணையாக வைத்தால் காட்சி விறைத்துப்போகிறது.

மண்: கொங்கு நாட்டில் கிடைப்பது

இந்தப் பகுதியில்தான் நம் ஊர்க்காரர்களுக்கு உண்மையான வசதி இருக்கிறது. கோவையில் கடற்படையின் ஐ.என்.எஸ். அக்ரானி பயிற்சி நிலையம் உண்டு, கடல்தான் இல்லை. ஆனாலும் உலகத்தின் எந்தக் கடற்கரையையும் செய்வதற்கான மண் கோவைக்கும் ஈரோட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே கிடைத்துவிடுகிறது.

முதலில் ஒரு கணக்கு. கடற்கரை மணல் வேண்டும் என்பதற்காகக் கடற்கரை மணலையே அள்ளி வந்து ஒட்டுவது இயல்பாகத் தோன்றும். கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேலான ஒரு மணற்பரல் 1/35 அளவில் ஒரு சென்டிமீட்டர் கூழாங்கல்லாகிவிடும். கட்டடத்துக்குப் பயன்படும் எம்-சாண்டில் நாலே முக்கால் மில்லிமீட்டர் வரை துண்டுகள் இருக்கும். அது பதினாறு சென்டிமீட்டர்ப் பாறை. மணலாகத் தெரிய வேண்டுமானால் மாவாக இருக்க வேண்டும்.

ஒமாகாவின் மணல் வெளிர்மஞ்சளும் சாம்பலும் கலந்தது. கல் உடைக்கும் கிரஷரில் கிடைக்கும் கல்தூளை மாவுச் சல்லடையில் சலித்து, மீண்டும் ஒரு மெல்லிய பனியன் துணியில் சலித்தால் பொருத்தமான தூள் கிடைக்கிறது. திருப்பூரில் வெட்டுத்துணிக்குப் பஞ்சமில்லை. சலித்த பிறகு மேலே தங்கும் சிறுபரல்களை எறிந்துவிட வேண்டாம். அவைதான் கரையின் மேல்விளிம்பில் வரும் கூழாங்கல் மேடு.

பெட்டியோவுக்கு வெள்ளைப் பவள மணல் வேண்டும். கோலமாவு போதும். வெள்ளைக்கல் அரைத்த மாவாகப் பார்த்து வாங்குங்கள். அரிசிமாவு கலந்திருந்தால் எறும்பு வந்து காட்சியையே குடைந்துவிடும். பெட்டியோவில் ஜப்பானியர் கரையோரம் தென்னந்தடிகளை அடுக்கிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். தென்னை மரத்தின் வளையத் தழும்பு எப்படி இருக்கும், வெட்டிய முனையில் நார் எப்படிப் பிரியும் என்பதைப் பொள்ளாச்சிப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் படம் காட்டிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பது மில்லிமீட்டர்ப் பருமனுள்ள நேரான குச்சியில் கத்தி முனையால் வளையங்களைக் கீறிவிட்டால் 1/35 அளவுக்குத் தென்னந்தடி தயார்.

1945 பிப்ரவரி 19 அன்று அமெரிக்கர்கள் இறங்கிய இவோ ஜிமா எரிமலைத் தீவு. அங்கே மணல் கறுப்பு. இதற்குக் கோவைப் பவுண்டரிகளின் அச்சு மண்ணைவிடச் சிறந்த பொருளை நான் பார்த்ததில்லை. மணலோடு பெண்டோனைட் களிமண்ணும் நிலக்கரித் தூளும் கலந்த, வார்ப்பில் சூடுபட்ட கறுப்பு மண் அது. ஒரு டம்ளர் கேட்டால் தயங்காமல் கொடுப்பார்கள். சலிப்பதற்கு முன் ஒரு காந்தத்தை அதில் ஓட்டி இரும்புத் துணுக்குகளை எடுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் பசையின் ஈரத்தில் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளிகள் எழும். கல்தூளோ அச்சு மண்ணோ, எதைச் சலித்தாலும் மூக்கையும் வாயையும் நன்றாக மூடும் முகக்கவசம் கட்டாயம். சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கினால் வெளியேறாது. இதில் சலுகையே கிடையாது.

அடித்தளத்துக்குப் பிளைவுட் பலகை, அதன்மேல் தெர்மாகோல் அட்டை. கடற்கரைச் சரிவை மிகக் குறைவாக வையுங்கள். ஒமாகாவின் மணல் ஏறக்குறைய தட்டையானது. முப்பது சென்டிமீட்டர் பலகையில் அரை சென்டிமீட்டர்ச் சரிவே தாராளம். தெர்மாகோலின் மேல் சுவர்ப் பட்டியை ஃபெவிகாலும் சிறிது நீரும் சேர்த்துக் குழைத்துப் பூசி, அது பாதி இறுகும்போது கால்தடங்களைப் பதியுங்கள். உருவத்தின் காலையே மெல்ல அழுத்தித் தடம் எடுக்கலாம். முப்பது கிலோ சுமையோடு ஓடுபவனின் தடம் ஆழமாக, நுனிப்பக்கம் அதிகம் புதைந்து, பின்னால் மண் எறிந்து கிடக்கும். நீர் ஏறிக்கொண்டிருக்கும் காட்சி என்றால் நீர்க்கோட்டுக்குக் கீழே தடமே இருக்கக்கூடாது. அலை அதை அழித்திருக்கும்.

பிறகு நீர்த்த ஃபெவிகாலைத் தடவிச் சலித்த தூளைத் தூவுங்கள். நன்றாகக் காய்ந்ததும் நிறம். இங்கே நீர்க்கோடு மீண்டும் வருகிறது. கடற்கரையில் மூன்று பட்டைகள் உண்டு. அலை இப்போது தொடும் பட்டை கருத்து, பளபளத்திருக்கும். சற்று முன் தொட்டுப்போன பட்டை கருத்திருக்கும், பளபளப்பு இராது. அதற்கு மேலே உலர்ந்த, வெளிறிய மணல். இந்த மூன்றையும் நேரில் பார்க்கக் கடலுக்கே போக வேண்டும் என்பதில்லை. மேட்டூரில் நீர்திறப்பைக் குறைத்த மறுநாள் கொடுமுடிப் பக்கம் காவிரி மணலில் போய் நின்றால் மூன்று பட்டைகளும் தெளிவாகத் தெரியும். அலையின் நுரை எப்படி மடிகிறது என்பதற்கு மட்டும் பாலக்காட்டு வழியாகப் பொன்னானிக்கோ சாவக்காட்டுக்கோ ஒருமுறை போய்வாருங்கள். கைப்பேசியில் படம் எடுப்பதோடு விடாமல், ஓர் அலை வந்து திரும்பும்வரை கண்ணால் தொடர்ந்து பாருங்கள்.

நீர்

அலங்கார மேசைகளுக்குப் பயன்படும் எபாக்ஸி ரெசின்தான் இன்று பெரும்பாலோர் நாடும் வழி. ரெசின் என்னும் தெளிந்த பிசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் புட்டியில் சொல்லியிருக்கும் விகிதப்படி, இயன்றால் எடைபோட்டே கலக்க வேண்டும். கண்ணளவுக்குக் கலந்தால் என்றுமே இறுகாத பிசுபிசுப்பு மிஞ்சும்.

ரெசினுக்கு அடியில் இருக்கும் வண்ணமே நீரின் நிறம். புதியவர்கள் கை தானாக நீலத்தை எடுக்கும். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டி வானம் மேகமூட்டம். மோசமான வானிலையால் முந்தைய நாளே நடக்க வேண்டிய தரையிறக்கத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டிருந்தார்கள். கடல் கொந்தளித்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. ஆகவே சாம்பலும் பச்சையும் கலந்த, கரையோரம் மண்பழுப்பேறிய நீர். அடி தெரியாது. அடி தெரியாது என்பதில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. இடுப்பளவு நீரில் நிற்கும் வீரனுக்காக மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு ரெசின் ஊற்ற வேண்டியதில்லை. உருவத்தை இடுப்புக்குக் கீழே அறுத்துத் தரையில் ஒட்டி, நான்கைந்து மில்லிமீட்டர் ரெசின் ஊற்றினால் அவன் இடுப்பளவு நீரில் நிற்பான். பெட்டியோவிலோ நீர் தெளிவு. அங்கே கால் தெரிய வேண்டும்.

ஊற்றுவதற்கு முன் பலகையைச் சுற்றி வழவழப்பான பிளாஸ்டிக் தாளால் அணை கட்டி, மூலைகளைச் சிலிகான் கொண்டு அடையுங்கள். ரெசின் நுழையாத ஓட்டை கிடையாது. தெர்மாகோல் தெரியும் இடங்களையும் மணல் பரப்பையும் முன்பே பசையால் மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருந்து காற்றுக் குமிழிகள் வந்துகொண்டே இருக்கும். ஒரே தடவையில் தடிமனாக ஊற்றாதீர்கள். இறுகும்போது ரெசின் சூடாகும். தடிமனாக இருந்தால் தெர்மாகோலே உருகிவிடும். ஈரோடு, கரூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் கலவை நாம் நினைப்பதற்கு முன்பே கெட்டியாகிவிடும். அந்த மாதங்களில் விடியற்காலையில் ஊற்றுவது நல்லது. மழைக்காலத்து ஈரக்காற்றில் மேற்பரப்பு பால்போல வெளுத்துவிடுவதும் உண்டு. ஊற்றியவுடன் ஓர் அட்டைப்பெட்டியால் மூடிவிடுங்கள்.

அலை ரெசினில் வராது. அது எப்போதும் மட்டமாகவே நிற்கும். இறுகிய ரெசின்மேல், கண்ணாடி ஒட்டப் பயன்படும் நிறமற்ற சிலிகானைப் பிதுக்கி, ஈரத் தூரிகையால் கரையை நோக்கி இழுத்து இழுத்து அலையின் முதுகை எழுப்புங்கள். சிலிகான்மேல் வண்ணம் பிடிக்காது. வண்ணம் பூச வேண்டிய இடங்களில் அக்ரிலிக் ஜெல் பயன்படுத்தலாம். மடிப்பின் உச்சியில் மட்டும் வெள்ளையை உலர்ந்த தூரிகையால் தொட்டுத் தொட்டு வையுங்கள். கரையைத் தொடும் நுரை நேர்கோடாக வராது. ஒன்றின்மேல் ஒன்று ஏறிய வளைவுகளாக வரும்.

மனிதர்கள்

உருவங்களுக்கு வண்ணம் பூசுவதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். வண்ணம் பிடிப்பதற்கான முதல் பூச்சாகிய பிரைமர், அடிநிறம், மடிப்புகளுக்குள் கருமை, மேடுகளில் வெளிச்சம் என்ற வரிசை மற்ற எல்லாச் சிற்றுருவங்களுக்கும் பொதுவானது. தரையிறக்கத்துக்கே உரியது ஈரம். இடுப்பளவு நீரில் நடந்து வந்தவனின் உடை மார்புவரை கருத்திருக்கும், அலை அடித்திருக்கும் அல்லவா? ஈரமான பகுதிக்குக் கருநிறத்தோடு மெல்லிய பளபளப்பு வார்னிஷ். உலர்ந்த பகுதிக்கு மங்கல் வார்னிஷ். மண்டியிட்டு எழுந்தவனின் முழங்காலில் மணல் ஒட்டியிருக்கும்.

ஒமாகாவில் இறங்கிய பலர் துப்பாக்கியை நீர் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தார்கள். பிஸ்கட் பொட்டலத்தின் கண்ணாடித் தாளில் சிறு துண்டை வெட்டிச் சுற்றினால் அந்த உறை வந்துவிடும். அதிகாரிகளின் தலைக்கவசத்தின் பின்புறம் நெடுக்காக ஒரு வெள்ளைக் கோடு. அவர்களுக்குக் கீழ்நிலைத் தலைவர்களுக்குக் கிடைமட்டக் கோடு. பின்னால் வருபவர்கள் யாரைத் தொடர வேண்டும் என்பதற்காக. இதைத் தெரிந்துகொண்டால் முன்னால் ஓடுபவன் யார் என்பதையும் உங்கள் பலகை சொல்லத் தொடங்கிவிடும்.

அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் புகைப்படக்காரர் ராபர்ட் சார்ஜன்ட் அன்று காலை படகுக்குள்ளிருந்து, இறங்கிப் போகும் வீரர்களின் முதுகைப் பார்த்து எடுத்த படம் மிகப் புகழ்பெற்றது. அதில் முகங்களே இல்லை. நீரில் நடக்கும் முதுகுகள், துப்பாக்கியை நனையாமல் தூக்கிய கைகள், தொலைவில் புகை மூடிய மேடு. முகம் காட்டாமலும் ஒரு காட்சி எவ்வளவு சொல்ல முடியும் என்பதற்கு அதுவே பாடம். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் எந்தளவு நீரில் இருக்கிறார் என்று மட்டும் குறித்துப் பாருங்கள். தரையின் சரிவே உங்களுக்குக் கிடைத்துவிடும்.

குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். ஒமாகாவின் ஜெர்மானியக் காவலரண்கள் பல, கடலைப் பார்க்காமல் கரையின் நீளவாட்டத்தில் சுடும்படி அமைக்கப்பட்டிருந்தன. கடல் பக்கம் தடித்த காங்கிரீட் சுவர். ஆகவே வீரர்கள் முன்னால் ஓடும்போது சூடு பக்கவாட்டில் வருகிறது. ஓரிருவர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினால்கூடக் காட்சிக்கு உயிர் வந்துவிடும்.

ஒமாகாவில் மட்டும் அன்று 2,000க்கும் மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ போனார்கள். இறந்தவர்களைக் காட்டுவதா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். காட்டலாம் என்பதே என் கருத்து. அவர்கள் இல்லாத ஒமாகா உண்மையாகாது. ஆனால் இரத்தத்தை வாரி இறைத்துப் பார்ப்பவரை அதிரவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நீர்க்கோட்டின் ஓரமாக, அலையின் போக்கில் கிடக்கும் ஓர் உருவம். அதைத் தாண்டி ஓட வேண்டிய இன்னொருவன். அதற்கு மேல் தேவைப்படாது.

நமக்கு அருகில் உள்ள தரையிறக்கங்கள்

நம்மூர்ப் பெரியவர் ஒருவர், "அது வெள்ளைக்காரன் சண்டை, நமக்கும் கடலுக்கும் என்ன கண்ணு?" என்று கேட்டால் சொல்வதற்கு விடை இருக்கிறது. 1914 நவம்பரில், ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவின் தாங்கா துறைமுகத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படை இறங்கியது. அந்தப் படையில் 63ஆவது பாளையங்கோட்டைக் காலாட்படையும், சென்னை மாகாணத்தின் 61ஆவது பயனியர் படையும் இருந்தன. பம்பாயிலிருந்து வாரக்கணக்கில் நெருக்கடியான கப்பலில் வந்து களைத்தவர்களை, இரவில் அலையாத்திக் காடு சூழ்ந்த சேற்றுக்கரையில் இறக்கினார்கள். எண்ணிக்கையில் பலமடங்கு குறைந்த, ஜெர்மானியத் தளபதி பால் ஃபான் லெட்டோ-ஃபோர்பெக்கின் படையிடம் அவர்கள் தோற்று, நவம்பர் 5 அன்று மீண்டும் கப்பலேறினார்கள். சண்டையின் நடுவே கலைந்த தேனீக் கூட்டங்கள் வீரர்களைக் கொட்டியதால், தேனீக்களின் போர் என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது.

இந்தத் தரையிறக்கத்தை ஏன் யாரும் செய்வதில்லை என்ற ஏக்கம் எனக்கு உண்டு. பெட்டியில் வாங்க முடியாது என்பது ஒரு காரணம். உருவங்களை முதல் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் வீரர்களிலிருந்து மாற்ற வேண்டும். களிமண்போல் பிசைந்து இறுகவிடும் எபாக்ஸி புட்டியில் தலைப்பாகையும் காலில் சுற்றிய பட்டித்துணியும் செதுக்க வேண்டும். ஆனால் நிலம் நம் கையில் இருக்கிறது. சேற்றுக்குச் சுவர்ப் பட்டியோடு தென்னை நார்க்கழிவு. அலையாத்தி வேர்களுக்குப் பொள்ளாச்சித் தேங்காய் நாரை முறுக்கிப் பசையில் தோய்த்துக் காயவைத்த வளைவுகள். அந்த வேர் நீரில் இறங்கும் விதத்தைப் பிச்சாவரத்தில் பார்க்கலாம். அங்கே படகுகளில் இறங்கு கதவு இல்லை. இழுவைக் கப்பல்கள் இழுத்து வந்த தோணிகளிலிருந்து விளிம்பைத் தாண்டிச் சேற்றில் குதிக்க வேண்டும். ஒமாகாவின் பாய்ச்சலுக்குப் பதிலாக இங்கே தடுமாற்றம். ஒரு கால் புதைந்து நிற்பவன், அவனுக்குக் கை நீட்டுபவன், தலைக்கு மேல் பெட்டியைத் தூக்கியவன்.

1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கல்லிப்போலியில் ஆஸ்திரேலியர்களோடு இறங்கிய இந்திய மலைப் பீரங்கிப் படை, 1945 செப்டம்பர் 9 அன்று மலாயாவின் மோரிப் கரையில் இறங்கிய 25ஆவது இந்திய டிவிஷன் என்று இன்னும் உண்டு. மோரிப்பில் போர் முடிந்திருந்தது. சுடுவார் யாரும் இல்லை. ஆனால் மேலே உறுதியாகத் தெரிந்த மணலுக்கு அடியில் சேறு; வண்டிகள் வரிசையாகப் புதைந்தன. துப்பாக்கிச் சத்தமே இல்லாத ஒரு தரையிறக்க டயோரமாவை அங்கே அமைக்கலாம்.

முதல் பலகை

படகு வேண்டாம். 20க்கு 15 சென்டிமீட்டர் பலகை, 1/35 அளவு, இரண்டு உருவங்கள், ஒரு முள்ளெலித் தடை. முள்ளெலி நிஜத்தில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம். உங்கள் பலகையில் நான்கு சென்டிமீட்டர். பிளாஸ்டிக் கோணப்பட்டையில் மூன்று துண்டுகள் வெட்டி நடுவில் பிணைத்துவிடலாம். நீர்க்கோட்டைப் பென்சிலால் மூலைவிட்டமாக வரையுங்கள். பலகையில் மூன்றில் ஒரு பங்கு நீர், மிச்சம் மணல். ஒருவன் தடைக்குப் பின்னால் முழங்காலளவு நீரில் பதுங்கியிருக்கிறான். மற்றவன் அதை விட்டு ஓடத் தொடங்கிவிட்டான். தடையின் இரும்பில் பழைய நீர்மட்டத்துக்குக் கீழே பாசியும் துருவும், மேலே வெறும் துரு. இரண்டு பேருக்கும் நடுவே ஒன்றும் வைக்காதீர்கள். அந்த வெற்றிடத்தை நிரப்பக் கை துடிக்கும். நிரப்பினால் ஓடுபவனின் தனிமை போய்விடும்.

வேலையின் வரிசையும் முக்கியம். மண், நிறம், தடை, உருவங்கள், கடைசியில் நீர். ரெசின் ஊற்றிய பிறகு அதற்குள் எதையும் நடமுடியாது. ஏர்பிரஷ், ஸ்பிரே வேலைகளை ஆடிக்கு முன் முடித்துவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கிவிட்டால் கோவை, பல்லடம், உடுமலைப் பக்கம் சன்னலைச் சாத்தினாலும் தூசு உள்ளே வந்து ஈர வார்னிஷில் ஒட்டிக்கொள்ளும். முடித்த பலகைக்கு நான்கு பக்கமும் மேலும் அக்ரிலிக் மூடி போடுங்கள். கண்ணாடி கனமானது, ஊர் மாற்றும்போது உடையும். முன்விளிம்பில் ஒட்டும் பெயர்ப்பலகையில் இடம், தேதி, மணி மூன்றும் இருக்கட்டும்.